முதல் இலைக்கு ஒரு நோயாளி

ஐப்பசியின் முதல் மழையில் நனைந்துபோன சவுக்குக் கட்டைகள் எரிய மனமின்றிப் புகைந்துகொண்டிருந்தன. தர்மாஸ்பத்திரியின் பின்புறம், கீற்றுப் பந்தலின்கீழ் வெட்டியிருந்த கோட்டை அடுப்பின்முன் குந்தியிருந்த சந்திரம்மாவின் கண்களில் நீர் வழிந்தது. பாதி நீர் புகையினால் வந்தது. மீதிக்குக் காரணமானவனோ, காலில் பழுப்பு நிறக் கான்வாஸ் ஷூவும் உதட்டில் ஒரு பாட்டுமாய், முற்றத்தில் ஆஸ்பத்திரி ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் அவளுடைய கணவன் சாலமோன்.

சாலமோன் காலுறையோடு படுத்துறங்கத் தொடங்கி ஆவணியும் கழிந்தது, புரட்டாசியும் கழிந்தது. குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடுவான். கால் கழுவுவதென்றால் இருட்டில் கழுவுவான். துவைக்கும் கல்லில் ஒருநாள் அவள் அந்தக் காலுறையை விரித்தபோது, பெருவிரலுக்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாய் ஒரு கறை இருந்தது. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் முடி நரைத்தவளின் மூக்குக்கு அந்த வாடை இன்னதென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னாயா இது? டாக்டரம்மா வாசல்லயே வேலைய வெச்சிகினு, காட்டாம மறைச்சிகினு கீறியே, உனுக்கு அறிவு கீதா?"

"ஷூ கடிச்சிது. தானா ஆறிடும். கத்தாத."

"வலிக்குதா?"

"வலியே இல்ல சந்திரா. வலிக்காத புண்ணு ஒரு புண்ணா?"

அவளை நடுங்க வைத்தது அந்தச் சொல்தான். அவளுடைய மாமனாரும் இப்படித்தான் வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே சேற்றில் நடவுக்கு நடந்தார். சர்க்கரை நோய் என்று கண்டறிந்த அன்றே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த மனிதரைக் கட்டிலிலிருந்து கட்டிலுக்குத் தூக்கிப் போட்ட மகன் மனத்தில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. டாக்டரின் கண் பட்டால் கத்தி வரும்; கத்தி வந்தால் ஜீப்பு போகும். ஆகவே அவள் கையைப் பிடித்துத் தன் தலையில் வைக்காமல், பொத்தேரியில் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகளின் பேரைச் சொல்லிச் சத்தியம் வாங்கினான்.

"காலப் பத்தி டாக்டரம்மா கைலயோ மதர் கைலயோ நீ வாயத் தொறந்த, நம்ம ஜெபா மேல ஆணை."

சத்தியத்துக்கு அஞ்சுகிறவள் சந்திரம்மா. அன்றுமுதல் புனித லூக்காவின் படத்தின்முன் மட்டுமே அவள் வாய் திறந்தது. "சாமி, நீயும் டாக்டருதான. நா எதுவும் சொல்லல. நீயா பாத்துக்கோ."

செய்யூருக்குக் கிழக்கே, உப்பங்காற்று புன்னை இலைகளைத் தடவிக்கொண்டு வரும் கால்வாய்க் கரையில் நிற்கிறது அந்த ஆஸ்பத்திரி. முற்காலத்தில் மேலைநாடுகளில் ஏழைகளுக்கென்று நோய்தீர்க்கும் இல்லங்களை எழுப்பிய துறவியர், வாசலில் வந்து விழுந்த நோயாளியை 'எம் ஆண்டவர்' என்றே விளித்தனர். அவர் உண்டபின்னரே தாம் உண்டனர். கொள்ளைநோய் பரவிய ஓர் ஆண்டில் கால்வாய்ப் படகேறி வந்து, பனையோலைக் கொட்டகையில் நாலு கட்டில் போட்டு இவ்வில்லத்தைத் தொடங்கிய கன்னியர், மருந்துப் பெட்டியோடு அந்த வழக்கத்தையும் கரையில் இறக்கி வைத்தனர். கொட்டகை காரைக் கட்டடமாயிற்று. படகு போய் ஜீப்பு வந்தது. வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

லூக்கா திருநாளன்று பூசை முடிந்து மணி அடிக்கும். அதன்பின் வாசல் கடந்து வரும் முதல் நோயாளியே அன்றைக்கு அந்த இல்லத்தின் எசமான். தேக்கு நாற்காலியில் அவரை அமர்த்தி, வேப்பிலை போட்ட வெந்நீரால் மதர் கையாலேயே கால் கழுவி, முதல் இலை அவருக்குப் போடவேண்டும். அவர் முதல் கவளம் எடுத்த பிறகுதான் கன்னியரும் நர்சுகளும் காலனிச் சனமும் கடற்கரைக் குப்பத்துச் சனமும், மாதா கோயிலுக்கு வருபவரும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவரும், ஒரே பந்தியில் உட்காருவார்கள். அதுவரையில் எவர் பல்லிலும் பருக்கை படாது.

எசமானாக ஆள் கிடைக்காத ஆண்டு என்று ஒன்று இருந்ததேயில்லை. சென்ற ஆண்டுதான் வினை வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டும் வரதன், முதல் இலையில் விழும் நல்லியெலும்பின்மேல் ஆசை கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி உருண்டு வந்து நாற்காலியில் ஏறிவிட்டான். கால் கழுவியாயிற்று, பாட்டும் பாடியாயிற்று, மூன்றாம் தடவை தால்சாக் குழம்பு கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. அடுத்த ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் இடி இடித்தது. நோயை நடிக்கிறவன் ஏழையின் இலையைத் திருடுகிறான் என்றார். கோயிலே அதிரும்படி முதலில் சிரித்தவன் சாலமோன். 'டிராமா வரதன்' என்ற பட்டத்தைச் சூட்டியவனும் அவனே.

அந்தப் பிரசங்கத்தின் வேலை இந்த ஆண்டு தெரிந்தது.

பூசை முடிந்து மணி அடித்தது. வாசலில் மாக்கோலம், தென்னங்குருத்துத் தோரணம், நாற்காலி, பித்தளைத் தாம்பாளம். மதர் ஹெலன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். தென்சீமையிலிருந்து சென்ற மாதம்தான் மாற்றலாகி வந்தவர். நெடிய உருவம், சிரித்தால் கண்ணே காணாமல் போய்விடும் முகம். கல்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் டாக்டர் கல்யாணியும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு பக்கத்தில் நின்றார். நேரம் ஆயிற்று. வெயில் ஏறிற்று. எவரும் வரவில்லை. உள்நோயாளிகளைக் கூப்பிடலாமென்றால், வார்டுக்குக் கூரை மராமத்து நடந்ததால் எல்லாரையும் செங்கல்பட்டுக்கு அனுப்பியாயிற்று.

பிரிஞ்சிச் சோறு தம்மில் இருந்தது. தேங்காய்ப்பாலும் பட்டையும் கிராம்பும் கலந்த மணம் பந்தலைத் தாண்டி, மதிலைத் தாண்டி, கால்வாய்க்கு அக்கரை வரைக்கும் போய் ஆளை இழுத்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாதவர்கள்.

"இன்னாடா இது, ஊரே குண்டுக்கல்லாட்டம் நிக்குது!" என்று சலித்துக்கொண்டான் வரதன். "வருசம் முச்சூடும் இந்த வராண்டால கால் வெக்க எடம் இருக்காது. இன்னிக்குப் பாத்து ஒருத்தனுக்குத் தும்மல்கூட வர்ல."

"எல்லாம் உன்னாலதான்," என்றான் சாலமோன். "வயித்தப் புடிச்சிகினு உருண்டியே, டிராமா. இப்ப மெய்யாலுமே வயித்து வலிக்காரன்கூட வரமாட்டான்."

"அப்ப நானே இன்னொரு தபா உருளட்டுமா மச்சான்? பசி காத அடைக்குது."

"உருண்டு பாரு. ஜீப்ப மேல ஏத்திடுவேன்."

மதர் இதைக் கேட்டுவிட்டார். "என்னது? நோயாளிங்க வராததுக்கு அதுதான் காரணமா?"

வரதன் தலையைச் சொறிந்தான். "ஆமா மதர். வேசக்காரன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். காய்ச்சல் அடிக்கிறவன்கூடப் போத்திகினு வூட்டுல கீறான்."

மதர் ஹெலனின் முகம் வாடிற்று. "அப்படின்னா நாம போய் அழைச்சிட்டு வருவோம். சாலமோன், ஜீப்பை எடுங்க. உண்மையா முடியாதவங்க யார் இருந்தாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. பொய் மட்டும் வேண்டாம். முதல் இலை பொய்யில விழக் கூடாது."

ஜீப்பில் சாலமோன் ஏறினான். கூடவே வரதனும் தொற்றிக்கொண்டான். ஏறும்போது சாலமோன் இடக்காலை ஊன்றிய விதத்தைச் சந்திரம்மா கவனித்தாள். குதிகாலை மட்டும் வைத்து, முன்பாதத்தைத் தூக்கி, கொக்கு சேற்றில் கால் மாற்றுவதுபோல் மாற்றினான். ஊரெல்லாம் ஒரு நோயாளியைத் தேடுகிறது. தேடப் போகிறவனே நோயாளி. சொல்வதற்கோ அவளுக்கு வாய் இல்லை. தால்சாவில் மாங்காயைப் போட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்தில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்த பெண்கள், உலை நன்றாக இறங்கவேண்டும் என்பதற்கான வேண்டுதல் அது என்று நினைத்தார்கள்.

ஜீப்பு திரும்பி வரும்போது ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. வரதன் முதலில் குதித்து, கைகளை அகல விரித்துக் காட்டினான்.

"ஒன்னியும் தேறல மதர்! பேஜாரா பூடுச்சி. பார்வதம் அக்கா வூட்டுக்குப் போனோம். கதவுக்கு அந்தாண்ட லொக்கு லொக்குன்னு இருமினுகீது. இன்னாக்கா இருமுறியேன்னா, நா எங்கடா இருமறேன், சிரிக்கிறேன்றா! சொல்லசொல்லவே இன்னும் சிரிக்கிறா, மூச்சு முட்ட."

பந்தலே சிரித்தது.

"அப்பால மணி வூடு. கையில இம்மாம்பெரிய கட்டு. இன்னாடா மணி கட்டுன்னா, கட்ட அவுத்து ஒளிச்சிகினு, சும்மா வளையல் போட்டுப் பாத்தேன்றான். இவங்கள்ளாம் நாளைக்குக் காலைல மொத ஆளா கியூல நிப்பாங்க மதர், நீங்க வேணா பாருங்க."

சிரிப்பு அடங்குமுன் சாலமோன் ஜீப்பிலிருந்து இறங்கினான். மழையில் ஊறிய தரை. இடக்கால் வழுக்கிற்று. விழாமல் கதவைப் பிடித்துக்கொண்டு, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே வந்தான்.

வரதன்தான் கண்டான். "இன்னா மச்சான், நொண்டிகினு வர்ற?"

"மய தண்ணி. ஷூ நனைஞ்சி கடிக்குது."

அந்த நொடியில்தான் பசித்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. "யோவ், சாலமோனையே உக்கார வையுங்கய்யா! நொண்டறான் இல்ல? அது போதும்!" உடனே நாலா பக்கமும் அதைப் பற்றிக்கொண்டார்கள். "உக்காரு அண்ணாத்த!" "புள்ளைங்க பசில கீதுங்க, உக்காந்துடு!" "பேருக்கு ஒரு வாயி சாப்டு, நாங்க பாத்துக்கறோம்!"

சாலமோன் இரண்டு கைகளையும் வீசினான். "ஒதுங்குங்கடா! நா இன்னா டிராமா வரதனா? எனுக்கு ஒன்னியும் இல்ல. கல்லாட்டம் கீறேன்."

"வேண்டாம்," என்றார் மதர், வருத்தத்தோடு. "நல்லா இருக்கிற மனுசனை உக்கார வெச்சுக் கால் கழுவினா, போன வருசம் நடந்ததுதான் இந்த வருசமும்."

சந்திரம்மா கரண்டியை அண்டாவில் சாய்த்து வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். வாசல்வரை நடந்தாள். அவள் வருவதைப் பார்த்ததுமே சாலமோனின் கை வீச்சு நின்றுவிட்டது. கண்களால் அவளைக் கெஞ்சினான், பின்னர் மிரட்டினான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை.

"மதர்," என்றாள், "நா எதுவும் சொல்றதுக்கில்ல. சொல்லவும் மாட்டேன். எம் பொண்ணு மேல ஆணை கீது. ஆனா பொய்யா மெய்யான்னு நீங்களே பாக்கலாமே. காலு கழுவணும்னா ஷூவக் கழட்டித்தான ஆவணும்?"

"சந்திரா!"

"நா சொன்னனா? ஷூவக் கழட்டுன்னேன். ஷூவப் பத்தி நீ ஆணை வாங்கல."

அவன் பின்வாங்கினான். பின்னால் நாற்காலி இருந்தது. முழங்கால் மடங்கி அதில் உட்கார்ந்தேவிட்டான். கூட்டம் ஓவென்று கூவிற்று. வரதன் பாய்ந்து வந்து அவன்முன் மண்டியிட்டான்.

"எசமானே! வருக எசமானே! போன வருசம் எம் மானத்த வாங்கன வாயி எங்க, இந்த வருசம் உன் ஷூவ வாங்கற கை இங்க," என்று ராகம் போட்டபடி நாடாவை அவிழ்த்தான், ஷூவை உருவினான், காலுறையை இழுத்தான். ராகம் அறுந்தது. காலுறை பாதியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

புண்ணின் வாடை அவன் முகத்தில் அடித்தது.

"அடப்பாவி மச்சான்," என்றான் வரதன், மெல்ல. "நா இல்லாத நோயக் காட்டனேன். நீ கீற நோய மறைச்சிகினு கீறியேடா."

மதர் ஹெலன் ஈரத்தரையில் முழந்தாளிட்டார். வெதுவெதுப்பான வேப்பிலை நீரை அந்தக் காலுறையின்மேல் சிறிது சிறிதாக ஊற்றி, இளகவிட்டு, பழத்தோல் உரிப்பதுபோல் நோகாமல் எடுத்தார். பெண்கள் பக்கமிருந்து, எவள் தொடங்கினாளோ தெரியாது, அந்த இல்லத்தின் பழைய பாட்டு எழுந்தது.

நொந்து நடந்து வந்தீரோ – எங்கள்
சிந்தை குளிர வந்தீரோ
முந்தி அமர வாருமையா – எம்
பந்தி உமக்கே பந்தியையா.

ஒவ்வோர் ஆண்டும் கும்மியாய்த் துள்ளும் பாட்டு, இந்த முறை தாலாட்டுப்போல் வந்தது. சாலமோன் முகத்தைப் புறங்கையால் மூடிக்கொண்டான்.

அவனைக் கட்டுப்போடும் அறைக்குத் தூக்கிப் போனவர்களில் வரதனும் ஒருவன். சந்திரம்மா தலைமாட்டில் நின்றாள். திறந்த சன்னலுக்கு வெளியே ஊர் முழுவதும் நின்றது. டாக்டர் கல்யாணி விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து அளந்தார்.

"சக்கரை ஏறித்தான் இருக்கு. வெறும் வயித்துல சோதிக்க ஊருக்கே இதைவிட நல்ல நாள் கிடைக்காது," என்று சிரித்தவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "சாலமோன், உங்ககிட்ட எதையும் மறைக்கப் போறதில்ல. மேல தோல் செத்து மூடியிருக்கு. உள்ள ஏதோ தட்டுப்படுது. தோலை எடுத்துப் பார்ப்பேன். உள்ள நல்ல ரத்தம் வந்து, உங்களுக்கு வலியும் தெரிஞ்சா, இந்தக் காலை இங்கேயே வெச்சு ஆத்திடலாம். வலிக்கலன்னா செங்கல்பட்டு போகணும். அங்க என்ன முடிவு எடுப்பாங்கன்னு நான் இப்ப சொல்ல முடியாது."

சாலமோன் கூரையைப் பார்த்தபடி கேட்டான். "எடுத்துடுவாங்களா?"

"வலிக்கட்டும்னு வேண்டிக்கங்க."

வரதன் சன்னலுக்கு வெளியே எட்டி, கேட்டதை எல்லாருக்கும் சொன்னான். செய்தி பந்தல்வரை போயிற்று. பிரிஞ்சியின் தம்மை உடைக்கக் காத்திருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். வலி நீங்க வேண்டுவது உலகத்து வழக்கம். அன்றைக்கு அந்த ஊர், மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் ஒரேயடியாய் விண்ணப்பித்து, ஒருவனுக்கு வலி வரவேண்டுமென்று கைகூப்பி நின்றது.

கத்தி பட்டது. "தெரியுதா?"

"இல்ல."

இன்னும் சற்று ஆழம். "இப்ப?"

"இல்ல டாக்டரம்மா."

சந்திரம்மா அவன் தோளைப் பிடித்திருந்தாள். அவளுக்கு மாமனாரின் வெறும் வேட்டிமுனை தொங்கியது கண்ணில் வந்தது. வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். அடியடுப்பில் கட்டையை இழுத்துவிட்டேனா, இல்லையா? எவ்வளவு முயன்றும் நினைவு வரவில்லை. டாக்டர் இடுக்கியை எடுத்தார். குனிந்தார். எதையோ பற்றினார். இழுத்தார்.

"ஐயோ எம்மா! கொன்னுட்டாளே! பாவி மவளே, கொன்னுட்டாளே!"

அந்த அலறலில் புன்னை மரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்தன. இடுக்கியின் நுனியில் ஒரு வேலிக்காத்தான் முள், விரல்கணு நீளத்தில், கறுத்து ஊறி நின்றது. முள் வந்த வழியே செக்கச்செவேலென்று புது இரத்தம் பொங்கிற்று.

"கத்திட்டான்!" சன்னலில் வரதன் எம்பிக் குதித்தான். "கத்திட்டான்யா! எம் மச்சான் கத்திட்டான்!"

வெளியே எழுந்த ஆரவாரத்துக்குத் திருநாள் வெடி தோற்கும். எவனோ ஒருவன் மகிழ்ச்சி தாங்காமல் ஓடிப் பந்தி மணியை அடித்துவிட்டான். பெண்கள் குலவையிட்டனர். டாக்டர் கல்யாணி நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "பாவி மகளா? இருக்கட்டும், இருக்கட்டும். நாளைக்குப் படம் எடுத்து எலும்பைப் பாத்துடுவோம். ஆனா இந்தக் கால் எங்கயும் போகாது. தரையில மட்டும் படக் கூடாது. பொங்கல் வரைக்கும் ஜீப்பை மறந்துடுங்க," என்றார்.

"ஜீப்பு?" என்று எழப்பார்த்தான் சாலமோன்.

"சாவியக் குடுடா," என்றான் வரதன். "நா ஓட்டறேன். பயப்படாத, டிராமா பண்ணாம ஓட்டறேன்."

மதர் ஹெலனே முதல் இலையைக் கொண்டுவந்து அவன் மடிமேல் பலகையில் விரித்தார். சந்திரம்மா பிரிஞ்சியும் தால்சாவும் நல்லியெலும்பும் வைத்தாள். பாயசக் கிண்ணத்தை மட்டும் டாக்டர் வழிமறித்து எடுத்துக்கொண்டார். எசமான் முகத்தைச் சுளித்தான். ஆயினும் முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் போட்டான். சரியாக அதே நேரம் டாக்டர் புண்ணில் மருந்துநீரை ஊற்றினார்.

"ஆஆ!"

அதைப் பந்தி தொடங்கும் உத்தரவாக எடுத்துக்கொண்டு, வெளியே ஊரெல்லாம் சிரித்தபடி இலைமுன் உட்கார்ந்தது. வாய் நிறையச் சோறும் கண் நிறைய நீருமாய்ச் சாலமோன் மனைவியை முறைத்தான்.

"நா செத்துகினு கீறேன். நீ சிரிக்கிற?"

சந்திரம்மா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். ஆவணியிலிருந்து பூட்டிக் கிடந்த வாய், இனி மூடுவதாக இல்லை. குனிந்து அவன் மீசையில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தபா ஊத்துங்க டாக்டரம்மா. இந்த மனுசன் கத்தறத நா ஆச தீரக் கேக்கணும்."